இறக்கத்தில் உறுமும் பழைய ஜீப்: பின் டிஃபரன்ஷியலைப் பிரித்துச் சரிசெய்வது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஓர் உறுமல் வரும். மறுபடி மிதித்தால் அடங்கிவிடும். கேரட்டும் பச்சைத் தேயிலையும் ஏற்றி ஓடிய பழைய மகிந்திரா ஜீப்புகளில் இது அடிக்கடி கேட்கிற சத்தம். கேட்டவுடனே "கிரவுன் பினியன் போச்சு, ஜோடியா மாத்துங்க" என்று சொல்லிவிடுவார்கள். டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரம் பினியன்; அதோடு கோத்துச் சுற்றும் பெரியது கிரவுன். அவசரப்பட்டு வாங்காதீர்கள். இறக்கத்தில் மட்டும் உறுமினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பினியனின் வெளிப் பேரிங்கை.

காரணம் இதுதான். இன்ஜின் இழுக்கும்போது கிரவுன் வீல் பினியனை வெளியே, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டுகிற யோக் பக்கம் தள்ளும். அந்தச் சுமையை உள்ளே இருக்கிற பெரிய பேரிங் தாங்கும். இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது தள்ளு திரும்பிவிடும். பினியன் கிரவுன் வீலை நோக்கி உள்ளே இழுபடும். அப்போது தாங்குவது வெளியே இருக்கிற சின்னப் பேரிங். சமவெளியில் ஓடும் வண்டிக்கு அந்த வேலை எப்போதாவதுதான் வரும். ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு இறங்கும் வண்டிக்கு அதுதான் முழுநேர வேலை.

கீழே சொல்வது சி.ஜே., எம்.எம். வகை ஜீப்புகளில் பரவலாக உள்ள ஸ்பைசர் 44 அமைப்பிலான பின் ஆக்சிலுக்கு. உங்கள் வண்டிக்கான மானுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

வளைவில் மட்டும் கடகடத்தால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற ஸ்பைடர் கியர், அதன் த்ரஸ்ட் வாஷர். கியர் மாற்றும்போது "டக்" என்று ஒரே ஓர் அடி என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸை (யூனிவர்சல் ஜாயிண்ட்) பாருங்கள். பாதி நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். பினியன் யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இம்மியளவு ஆடினாலும் பேரிங் போய்விட்டது. யோக்கைச் சுற்றிப் பார்த்துத் தெரிகிற லூஸை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்பைடர் கியர், ஆக்சில் ஸ்ப்லைன் எல்லாவற்றின் தேய்மானமும் சேர்ந்து அங்கேதான் தெரியும்.

ஆயிலை வடித்ததும் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போல ஒட்டினால் பயமில்லை. நகம் போலச் சில்லுகள் வந்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் ஊர் மண் ஆக்சில் ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதரை, அதாவது காற்றுத் துவாரத்தை, அடைத்துவிடும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கி ஆறும்போது, காற்றுக்கு வழியில்லாமல் ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஜாக்கி வைப்பதற்கு முன்

இந்த ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலே போதும், டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு, தரையில் உள்ள சக்கரத்தை உருளவிடும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக்குக்கு வேலையே இல்லை. மலையில் சமதளம் என்று நம்பி நிறுத்துகிற இடமும் பெரும்பாலும் சரிவுதான். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள்.

கருவிகள்

காந்த அடியுள்ள டயல் கேஜ், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச், திருகு வைத்த ஹப் புல்லர், பித்தளைச் சுத்தியல். டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். கைத்தடவலிலேயே பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு இடையிலான லூஸ்) சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அந்தக் கை உங்களுக்கு இன்னும் வரவில்லை. பினியன் பிரீலோடு, அதாவது பேரிங்குகளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம், அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசே போதும்.

பிரிப்பது

பின் ஹப் கூம்பு ஷாஃப்டில் கீயோடு உட்கார்ந்திருக்கும். நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலைந்து மரை உள்ளேயே விட்டு, புல்லரை இறுக்குங்கள். இல்லையென்றால் ஹப் விடுபடும்போது பாய்ந்து வரும். புல்லரின் தலையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. அந்த அடி ஷாஃப்ட் வழியே நேராக நடுவிலுள்ள த்ரஸ்ட் பிளாக்கில் போய் விழும். பிரேக் பிளேட்டுக்குப் பின்னுள்ள ஷிம்களை (அளவு சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இடது, வலது என்று தனித்தனியே கட்டி வையுங்கள்.

மூடியின் 10 போல்ட்டையும் கழற்றியபின் கிரவுன் வீல் பூட்டியிருக்கும் கூடான கேரியரை உடனே எடுத்துவிடாதீர்கள். இருக்கிற நிலையில் பேக்லாஷை அளந்து எழுதுங்கள். பல்லில் நீலச் சாயம் தடவி, பற்கள் உரசும் இடத்தின் அச்சும் எடுத்துப் படம் பிடியுங்கள். பிறகு பேரிங் கேப்களில் பஞ்சால் புள்ளி குத்துங்கள், இடதில் ஒன்று, வலதில் இரண்டு. அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. மாற்றிப் போட்டால் பேரிங் இறுகிவிடும். கேரியர் இறுக்கமாகத்தான் வெளியே வரும். மரக்கட்டை கொடுத்து நெம்புங்கள். ஹவுசிங்கை ஸ்பிரெடர் வைத்து விரித்தால் 0.5 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மீறினால் ஹவுசிங் பழைய அளவுக்குத் திரும்பி வராது.

பல்லில் குழிவு, உரிசல், உடைசல் இல்லையென்றால் பழைய கிரவுன் பினியனையே வைத்துக்கொள்ளலாம். நான்கு பேரிங்கையும் ஆயில் சீல்களையும் மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்பைடர் ஷாஃப்டில் விரல் நகம் தட்டுகிற தேய்மானத் தடம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புது ஜோடி வாங்கினால் பல்லை எண்ணிப் பாருங்கள். 43-க்கு 8 என்றால் விகிதம் 5.38, 39-க்கு 8 என்றால் 4.88. முன் ஆக்சிலும் அதே விகிதத்தில் இருந்தாக வேண்டும். வேறாக இருந்தால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு பக்கமும் முறுக்கப்படும். கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். எண் பொருந்தாத பழைய சாமான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பினியன் ஷிம்: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது

பினியனில் இரண்டு ஷிம் கட்டு உண்டு. உள் பேரிங்கின் கப்புக்கு (வெளி வளையம்) அடியில் உள்ளது ஆழ ஷிம். பினியன் கிரவுனுக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கும். பினியன் தண்டின் தோளுக்கும் வெளிப் பேரிங்குக்கும் இடையில் உள்ளது பிரீலோடு ஷிம்; பேரிங்குகள் எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். இந்த அமைப்பில் நசுங்கும் ஸ்லீவ் கிடையாது, எல்லாமே ஷிம்தான்.

பழைய பினியன் என்றால் பழைய ஆழ ஷிம்மையே போடுங்கள். புதியது என்றால் பினியனின் தலையில் + அல்லது − குறியோடு ஓர் எண் இருக்கும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பழையது +2, புதியது −1 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3, புதுப் பினியன் 0.003 அங்குலம், அதாவது 0.08 மி.மீ., கிட்டே வர வேண்டும். ஆகவே ஆழ ஷிம்மில் 0.08 கூட்டுகிறீர்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆழ ஷிம்மைக் கூட்டியதும் இரண்டு கப்புகளுக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது. பிரீலோடு ஷிம் பழையபடியே இருந்தால் பேரிங் அளவுக்கு மீறி இறுகும். ஆழத்தில் எவ்வளவு கூட்டினீர்களோ அதே அளவைப் பிரீலோடு ஷிம்மிலும் கூட்டுங்கள். குறைத்தால் அங்கேயும் குறையுங்கள். பிரீலோடு ஷிம்மை மட்டும் தனியே மாற்றும்போது, ஷிம் குறைந்தால் இறுகும், கூடினால் தளரும். நினைப்பதற்கு நேர்மாறாகத் தோன்றும்; சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கப்பை ஒவ்வொரு முறையும் அடித்து ஏற்றி இறக்கினால் இருக்கை கெட்டுவிடும். பழைய கப்பின் வெளி விட்டத்தை லேத்தில் லேசாகத் தேய்த்து, கையால் போய்வருகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். அளவு பார்ப்பதெல்லாம் அதில். முடிவான பிறகுதான் புதுக் கப். சில ஹவுசிங்குகளில் ஷிம்மோடு ஓர் ஆயில் தகடும் இருக்கும். அதைக் கழிவென்று எறிந்தால் அதன் தடிமன் அளவுக்கு ஆழம் தவறிவிடும்.

சீல் போடாமல், யோக்கைப் பூட்டி, நட்டை 270–300 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். யோக்கில் கயிறு சுற்றித் தராசால் இழுங்கள். புதுப் பேரிங்குக்கு 2.3–4.5 நியூட்டன் மீட்டர் வேண்டும். கயிறு சுற்றிய இடத்தின் ஆரம் 4 செ.மீ. என்றால் தராசு 6 முதல் 11 கிலோ வரை காட்ட வேண்டும். நகரத் தொடங்கும்போது காட்டுவதை விடுங்கள். சீராகச் சுற்றும்போது காட்டுவதே கணக்கு. பேரிங்கில் ஆயில் தடவிப் பத்துச் சுற்று சுற்றிய பிறகு அளங்கள். பழைய பேரிங் என்றால் இதில் பாதி.

பேக்லாஷும் அச்சும்

கிரவுன் போல்ட்டுகளை எதிரெதிராக 60–80 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். கேரியரின் இரு பக்கமும் உள்ள ஷிம்களின் மொத்தம் மாறாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றித்தான் பேக்லாஷ் வைக்க வேண்டும். 0.25 மி.மீ. மாற்றினால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.18 மாறும். புது ஜோடிக்கு 0.13 முதல் 0.23 மி.மீ. வரை இருக்கலாம். சுற்றிலும் நான்கு இடத்தில் அளங்கள். இடத்துக்கு இடம் 0.08-க்கு மேல் வேறுபட்டால் கிரவுனுக்கு அடியில் அழுக்கோ பிசிறோ மாட்டியிருக்கிறது. கடைசியில் கேரியர் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளினால் போகிற கேரியர் தளர்வு. கேப் போல்ட்டுக்கு 95–120 நியூட்டன் மீட்டர்.

பழைய ஜோடியைத் திரும்பப் போடுகிறவர்கள் இந்த அளவுக்குள் கொண்டுவர முயல வேண்டாம். பிரிக்கும்போது எழுதிவைத்த பேக்லாஷுக்கே வாருங்கள். இரண்டு பல்லும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை. இடம் மாறினால் ஊளையிடும்.

நீலத்தைக் கொஞ்சம் ஆயிலில் குழைத்து நான்கு பல்லில் தடவி, கிரவுனைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி பினியனைச் சுற்றுங்கள். அச்சு பல்லின் உச்சி ஓரமாக விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, ஆழ ஷிம்மைக் கூட்டுங்கள். அடிப்பக்கம் விழுந்தால் கிட்டே இருக்கிறது, குறையுங்கள். புடைத்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். குழிந்த பக்கம்தான் இறக்கத்தில் வேலை செய்கிற பக்கம். மலை வண்டிக்கு அதையும் அதே அக்கறையோடு பாருங்கள்.

மூடுவது

ஹப்பின் கூம்பில் கிரீஸ் கூடாது, துடைத்துக் காய்ந்த நிலையில் பூட்டி 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். காட்டர் பின் ஓட்டை பொருந்தவில்லையென்றால் இன்னும் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள்.

ஜி.எல்.-5 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயிலை லெவல் பிளக்கில் வழியும்வரை ஊற்றுங்கள். சத்தம் குறையும் என்று இன்னும் கெட்டியான 140 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரி உறைபனிக் காலையில் அது மெழுகு மாதிரி நின்று பேரிங்குக்குப் போய்ச் சேராது. மிச்ச ஜி.எல்.-5 ஆயிலைக் கியர் பாக்ஸிலும் ஊற்ற வேண்டாம். பித்தளை சின்க்ரோ உள்ள பாக்ஸுக்கு அது ஆகாது.

புது ஜோடி போட்டிருந்தால் முதல் நாள் சுமையில்லாமல் ஊருக்குள்ளேயே கால் மணி நேரம் ஓட்டி, கை வைக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 50 கி.மீ. ஆனதும் ஹப் நட்டை மீண்டும் பாருங்கள். 800 கி.மீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக வைத்தும் 200, 300 கி.மீட்டரில் யோக் மறுபடி ஆடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இப்படி ஆவது பெரும்பாலும் கப்பு இருக்கையில் முழுக்க அமராததால். ஏற்றியபின் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை அடியில் விட்டுப் பாருங்கள், நுழையக் கூடாது. வளைந்த, துருப்பிடித்த பழைய ஷிம்களும் ஓட்டத்தில் நசுங்கி இதே தளர்வைக் கொடுக்கும். மெல்லிய ஷிம்மைத் தடித்த ஷிம்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டுங்கள்.