கை கழுவத் தெரியும், கழுவுவதில்லை: தொடக்கப் பள்ளியில் நலக்கல்வி வகுப்பைத் தொடங்குவது எப்படி?

மூன்றாம் வகுப்புக்குள் போய், "சாப்பிடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் டீச்சர்" என்று வகுப்பே ஒரே ராகத்தில் பாடும். மதியம் சத்துணவு மணி அடித்ததும் அதே பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வரிசைக்கு ஓடுவார்கள். குழாய்ப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை.

நலக்கல்வி, வாழ்க்கைத் திறன், எந்தப் பெயரில் நடத்தினாலும் சிக்கல் இதுதான். விடை எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே வாய்க்குப் பாடம் நடத்தாமல் கைக்கு நடத்த வேண்டியிருக்கிறது. இதைப் புதிதாக எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன். வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம் கிடைத்தால் போதும்.

படி 1: பாடத்துக்கு முன்னால் ஒரு படம்

முதல் வகுப்பில் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை நீங்கள் செய்வதை வரையுங்கள்" என்று சொல்லுங்கள். யார் பல் துலக்குவதை வரைகிறார்கள், யார் தம்பியைக் குளிப்பாட்டுகிறார்கள், யார் படத்தில் பெரியவர்களே இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். தாள்களைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். பருவ முடிவில் இதே படத்தை மறுபடி வரையச் சொல்லப் போகிறோம்.

படி 2: வட்டமும் மூன்று விதிகளும்

தரையில் வட்டமாக உட்காருங்கள், நீங்களும்தான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "மனம் திறந்து பேசு" என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. விதிகள் மூன்று போதும்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும். பேசப் பிடிக்கவில்லை என்றால் "அடுத்து" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இங்கே கேட்டதை வெளியே போய்க் கேலி பேசக்கூடாது.

ஆர்வக் கோளாறில் நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடுவோம். செய்யாதீர்கள். சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டிய நிலை வரும். "உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் மட்டும், உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான வாக்கு.

படி 3: ஒரு பொம்மைப் பிள்ளை

சத்தான உணவு பற்றிய பாடம். ஆளாளுக்கு "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். இட்லி, தோசை, பரோட்டா என்று வட்டம் சுற்றி வந்தது. ஒரு சிறுமி தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பிடல டீச்சர்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, எல்லோர் முன்னும் அவமானத்தைத்தான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கேள்வி எதுவும் பிள்ளைகளைப் பற்றி இருப்பதில்லை. பழைய துணியில் ஒரு பொம்மை தைத்து, முத்து என்று பெயர் வைத்தேன். "முத்துவுக்கு நேற்று வயிற்று வலி. என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால் கைகள் உயர்கின்றன. முத்துவின் கதையில் தன் வீட்டுக் கதையைக் கலந்து சொல்லப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கலப்பதும் கலக்காததும் அவர்கள் விருப்பம். பொம்மைக்கு உங்கள் வகுப்பில் யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்து வையுங்கள்.

படி 4: முதல் பாடம், மஞ்சளும் எண்ணெயும்

தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத் தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடும். இணையமெங்கும் இந்த வீடியோதான். எனக்கு இது பிடிக்காது. தூள் ஓடுவது தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைவதால். பிள்ளைகளோ, சோப்பைக் கண்டால் கிருமி பயந்து ஓடிவிடும், தேய்க்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பதில், அரைக் கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குழைத்து, நான்கு பிள்ளைகளின் உள்ளங்கையில் தடவுங்கள். இரண்டு பேர் வெறும் தண்ணீரில் கழுவட்டும். மஞ்சள் அசையாது. மற்ற இருவரும் கட்டிச் சோப்பால் கழுவட்டும். முதல் முறை இதைச் செய்தபோது நான் ஒன்றை மறந்துபோனேன். சோப்பில் காரத்தன்மை உண்டு, அது பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் போலத்தான். "ரத்தம் டீச்சர்!" என்று ஒருவன் அலற, பக்கத்து வகுப்பே வாசலுக்கு வந்துவிட்டது.

இப்போது அந்தச் சிவப்பைத்தான் பாடமாக வைத்திருக்கிறேன். சோப்புப் போட்ட பிறகும் எங்கே சிவப்பு தெரிகிறதோ, அங்கே இன்னும் மஞ்சள் ஒட்டியிருக்கிறது என்று பொருள். கட்டைவிரலின் அடிப்பாகம், விரல் இடுக்கு, நகக்கண். எப்போதும் இந்த மூன்று இடங்கள்தான். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தேய்க்கும் நேரம் குறைந்தது 20 நொடி. இருபதுவரை எண்ணச் சொன்னால் ரயில் வேகத்தில் எண்ணிவிடுவார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள், நேரம் சரியாக இருக்கும். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டி இந்தப் பாடத்தை வைத்தால் இன்னும் நல்லது. மாத்திரை வயிற்றிலிருக்கும் புழுவைக் கொல்லும். ஆனால் கையில் ஒட்டியிருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது.

படி 5: உணர்வுக்குச் சொல்

"எப்படி இருக்கிறாய்?" என்றால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் சொல் இருக்காது. கோபம், பயம், வெட்கம், பொறாமை, ஏக்கம், ஏமாற்றம் என்று வாரம் ஒரு சொல்லாகக் கரும்பலகையில் எழுதி, முத்துவுக்கு அது எப்போது வந்தது என்று கேளுங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்றும் கேளுங்கள். "வயித்துல என்னமோ பண்ணுது" என்பது பயத்துக்கு அருமையான விளக்கம். அடுத்த படிக்கு இது தேவைப்படும்.

படி 6: பாதுகாப்பான தொடுதல்

இதற்கு முன் தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் விளக்கிவிடுங்கள்.

முத்துவின் உடம்பைக் காட்டி உறுப்புகளின் பெயர்களைச் சொல்லுங்கள். மூக்கு, முழங்கை என்று சொல்லும் அதே குரலில் பிறப்புறுப்பு என்றும் சொல்லுங்கள். சிரிப்பார்கள். ஒரு நிமிடம் சிரிக்க விடுங்கள், அடங்கிவிடும். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ கூடாது. குளிப்பாட்டும் அம்மா, அம்மா கூட இருக்கும்போது பரிசோதிக்கும் டாக்டர் போன்ற தேவைகள் மட்டும் விலக்கு.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். தவறான தொடுதல் எல்லாம் வலிக்கும் என்றில்லை. சாக்லேட்டோடும் வரும். "அந்நியரிடம் பேசாதே" என்பதும் பாதிதான் உதவும், ஏனென்றால் தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, ஆட்டோ ஓட்டுபவரும் அண்ணன். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று நாமே பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம். ஆகவே மூன்றே செயல்களைப் பழக்குங்கள்: "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வது, அங்கிருந்து விலகுவது, நம்புகிறவரிடம் சொல்வது. எழுந்து நின்று கத்திப் பழகட்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு "வேண்டாம்" வெளியே வர மூன்று வாரம்கூட ஆகலாம். "யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு ஐந்து விரலுக்கும் நம்பிக்கையான ஐந்து பேரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். விரல் காலியாக இருந்தால் வற்புறுத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லட்டும். மனப்பாடத்துக்கு இங்கே மட்டும் மரியாதை உண்டு.

ஒரு பிள்ளை உங்களிடம் எதையாவது சொல்லிவிட்டால் பதறாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். துருவிக் கேட்காதீர்கள், நான்கு பேர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19இன்படி, விஷயம் தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள்.

படி 7: மதிப்பெண் வேண்டாம், சோப்பைப் பாருங்கள்

தேர்வு வைத்தால் எல்லோரும் நூற்றுக்கு நூறு, அது எதற்கும் உதவாது. பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், ஒரு கட்டிச் சோப்பை வெங்காய வலையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டு, அது எத்தனை நாளில் கரைகிறது என்று குறித்து வாருங்கள். எங்கள் பள்ளியில் முதலில் ஒரு கட்டி மூன்று வாரம் வந்தது. இப்போது ஒரு வாரம் தாண்டுவதில்லை. சோப்புச் செலவு ஏன் கூடியது என்று தலைமையாசிரியர் கேட்டால், அந்த மெலிந்த கட்டியை வலையோடு எடுத்துப்போய் அவர் மேசையில் வையுங்கள்.