கொடைக்கானலில் நண்பர்களோடு இரண்டு நாள்: படம் எடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ சனிக்கிழமை காலையில் நண்பர்கள் கூடிக் கொடைக்கானலுக்குக் கிளம்புகிறார்கள். ஞாயிறு மாலையில் நூற்றுக்கணக்கான படங்களோடு மலையிறங்குகிறார்கள். அந்தப் படங்களைப் புரட்டினால், ஏரிக்கரை, கம்பித் தடுப்பு, தூண் பாறை என்று எந்தக் குழுவின் தொகுப்பும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. இதற்குக் கைப்பேசியின் தரத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. பெரும்பாலான படங்கள் கெடுவது, எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கவனிக்காததால்தான்.

முதல் தவறு தாமதமாக மலையேறுவது. வத்தலக்குண்டில் காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்து, வெள்ளி அருவியில் இறங்கி அரை மணி நேரம் நின்று, நண்பகலில் ஊருக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராகத் தூண் பாறைக்குச் செல்பவர்களுக்குப் பல நாட்களில் வெள்ளைத் திரை மட்டுமே காட்சியாகக் கிடைக்கிறது. வெயில் ஏற ஏற, சமவெளியின் ஈரக்காற்று சரிவை ஒட்டி மேலெழும்பி, உயரத்தில் குளிர்ந்து மூடுபனியாகிறது. அது முதலில் மறைப்பது மலையின் விளிம்பில் உள்ள இடங்களையே. சுமார் நானூறு அடி உயரப் பாறைகள் கண்ணெதிரே காணாமல் போவதற்குச் சில நிமிடங்கள் போதும். எனவே விளிம்பிலுள்ள காட்சி முனைகளைக் காலையிலும், ஏரியையும் கடைத்தெருவையும் பிற்பகலிலும் வைத்துக்கொள்வது நல்லது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டதால், அதைக் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்யாதவர்கள் சோதனைச் சாவடியில் அந்தக் காலை வெளிச்சத்தை இழக்கிறார்கள். அரசுப் பேருந்தில் வருவோருக்கு இந்தக் கவலை இல்லை.

மூடுபனி வந்ததும் படம் எடுப்பதை நிறுத்திவிடுவதும் தவறுதான். 1872-இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் பாதையில், முன்னால் மேகமும் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியனும் இருக்கும் அரிய வேளையில், நிற்பவரின் நிழல் மேகத்தின் மீது பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுவதுண்டு. அது கிடைக்காத நாளிலும் பனி அழகானதே. ஆனால் கேமராவின் பழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். எதிரே உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று எண்ணியே கேமரா ஒளியைக் கணிக்கிறது. அதனால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகவும், நண்பரின் முகம் கறுத்தும் பதிவாகின்றன. திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். ஃபிளாஷ் போடவே கூடாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் அந்த ஒளியைத் திருப்பியனுப்பி, படமெங்கும் வெண்புள்ளிகளை நிரப்பிவிடும். லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துப் பருத்தித் துணியால் துடைப்பது, விலையுயர்ந்த கைப்பேசி வாங்குவதைவிடப் பயனுள்ளது.

குழுப் படங்களில் பத்துப் பேரையும் அடக்குவதற்காக அகலக்கோண லென்ஸுக்கு மாறுகிறோம். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டுப் போகின்றன. பத்தடி பின்னால் சென்று வழக்கமான லென்ஸிலேயே எடுத்தால் இந்தக் கோளாறு நேராது. அதைவிடப் பெரிய குறை, எல்லோரையும் சுவரோரம் நிறுத்திச் சிரிக்கச் சொல்வது. ஏழு ரோடு சந்திப்பில் சூடான பஜ்ஜியை ஊதி ஊதித் தின்பதும், வாடகைச் சைக்கிளின் சங்கிலி கழன்று ஏரிச்சாலையில் நால்வர் குனிந்து நிற்பதும், டீக்கு யார் காசு கொடுப்பது என்று தகராறு செய்வதும்தான் பிற்காலத்தில் தேடிப் பார்க்கப்படும் படங்கள். குழுவில் நன்றாகப் படமெடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை என்பதால், கைப்பேசியைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊரைப் பார்க்காமல் திரும்புவது என் கணக்கில் பெரிய இழப்பு. ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தை கூடும் நேரத்தில்தான் பலரும் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும், கேரட்டும், பீன்ஸும் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தை, எந்தக் காட்சி முனைக்கும் குறைந்ததன்று. ஆனால் விற்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அநாகரிகம். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, மறுத்தால் நகர்ந்துவிட வேண்டும், சம்மதித்தால், எடுத்த படத்தைக் காட்டி, கால் கிலோ பூண்டாவது வாங்குவது முறை.

உயிரோடு விளையாடும் தவறுகளும் இருக்கின்றன. வட்டக்கானலுக்கு அப்பால் உள்ள டால்பின் நோஸ் பாறையில், திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்வதும், குணா குகைப் பகுதியில் வேலியைத் தாண்ட முயல்வதும் எந்தப் படத்துக்காகவும் செய்யத் தக்கவையல்ல. ஊருக்குள்ளேயே உலவும் காட்டுமாடு சாதுவாகத் தோன்றினாலும், அருகே சென்று செல்ஃபி எடுத்தால் முட்டித் தூக்கிவிடும். உள்ளூர்க்காரர்கள் அதைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், நாமும் அதையே செய்யலாம்.

நீலமாகத் தெரியும் பூவுக்கெல்லாம் குறிஞ்சி என்று தலைப்பிடுவதையும் விட்டுவிடலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030.

திரும்பும் வழியில் படங்களை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால், அவை சுருங்கித் தெளிவிழக்கும். ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போய்ச் சேரும். அந்த மூலக்கோப்பில், எடுத்த நேரம் மட்டுமல்லாமல், கைப்பேசியின் அமைப்பைப் பொறுத்து இடமும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், வீட்டில் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு வந்த நண்பர் குழுவில் இருந்தால், அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.