முதல் தடவை மிஸூ ஹோம்கமிங் போறவங்களுக்கு: டிக்கெட்ல இருந்து டச்டவுன் வரைக்கும்

செப்டம்பர் பாதி தாண்டினாலே நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும், "அக்கா, ஹோம்கமிங் ஹோம்கமிங்னு ஊரே பேசுதே, அது மேட்ச்சா, ஃபங்ஷனா, நாம போனா உள்ள விடுவாங்களா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு உட்காந்துட்டேன். நான் 2022ல அமெரிக்காவுல மிசௌரி ஸ்டேட்ல இருக்கற கொலம்பியா ஊருக்கு வந்து, மிஸூன்னு செல்லமா கூப்பிடற மிசௌரி யூனிவர்சிட்டில எம்எஸ் முடிச்சவ, இப்போ வேலை செயின்ட் லூயிஸ்ல, ஆனா அக்டோபர்ல அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் எப்படியாவது வந்து நின்னுடுவேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க ஊர்ப்பக்கம், திருநெல்வேலி சைடுல, அம்மன் கோயிலுக்குக் கால் நாட்டியாச்சுன்னு தகவல் போனா போதும், சென்னை, பம்பாய், துபாய்னு எங்க இருந்தாலும் லீவு சொல்லிட்டு கொடைக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, வந்து சேந்துடுவாங்க, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வராதவங்ககூட கொடைக்கு வந்துடுவாங்க. ஹோம்கமிங்கை அந்தக் கண்ணோட பாருங்க, அப்பதான் புரியும். படிச்சு முடிச்சு ஊரை விட்டுப் போனவங்க வீட்டுக்குத் திரும்பி வர்ற நாள் அது. அமெரிக்கன் ஃபுட்பால் தெரியலைங்கற ஒரே காரணத்துக்காக ரூம்ல படுத்துத் தூங்கிடாதீங்க, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, அந்தக் காலத்துல மிசௌரிக்கும் பக்கத்து ஸ்டேட் கான்சஸுக்கும் நடக்கற மேட்ச் பெரும்பாலும் கான்சஸ் சிட்டி மாதிரி பொதுவான இடத்துலதான் நடக்கும். அப்புறம் காலேஜ் மேட்ச் எல்லாம் காலேஜ் மைதானத்துலதான் நடக்கணும்னு விதி வந்துச்சு. 1911ல மேட்ச் கொலம்பியாவுக்கு வருது, சின்ன ஊரு, கூட்டம் வருமான்னு கவலை. அப்போ இங்க விளையாட்டுத் துறை டைரக்டரா இருந்த செஸ்டர் ப்ரூவர் பழைய மாணவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு, 9,000 பேருக்கு மேல வந்து இறங்கிட்டாங்க. மேட்ச் 3-3ன்னு டிராதான். அன்னைக்கு கான்சஸ்ல லாரன்ஸ் ஊர்ல 1,000 பேருக்கு மேல தெருவுல கூடி நின்னு, இங்க இருந்து தந்தியில போற சேதியை வச்சு ஒரு போர்டுல ஆட்டத்தை நகர்த்திக் காட்டறதைப் பாத்திருக்காங்க, டிவி, ரேடியோ எதுவும் வராத காலம்! முதல் ஹோம்கமிங் எங்களுதுதான்னு பேலர் யூனிவர்சிட்டி 1909ஐ சொல்லும், இல்லினாய் யூனிவர்சிட்டி 1910ஐ சொல்லும், அந்தச் சண்டை அவங்களோட. மிஸூ ஆளுங்ககிட்ட கேட்டா 1911தான், நீங்களும் இங்க இருக்கற வரைக்கும் 1911னே சொல்லுங்க.

ஸ்டெப் 1: தேதியும் டிக்கெட்டும்

தேதி வருஷா வருஷம் மாறும், பெரும்பாலும் அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை. ஸ்டூடண்ட் டிக்கெட் நமக்கும் உண்டு, இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ங்கறதால எந்த வித்தியாசமும் இல்ல. டிக்கெட் போன்லதான் வரும், முதல் நாள் ராத்திரியே போன்ல இருக்கற வாலெட் ஆப்ல சேத்து வச்சுடுங்க, கேட்டுகிட்ட ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல போனைத் தட்டிட்டு நிப்பாங்க, நெட் திக்கும். டிக்கெட் கிடைக்கலையா, பரவாயில்ல, ஊர்வலமும் வெள்ளிக்கிழமை அலங்காரமும் ஃப்ரீ, என்னைக் கேட்டா பாதி ஹோம்கமிங் அங்கதான் இருக்கு. வெளியூர்ல இருந்து ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்னா ஹோட்டலை நம்பாதீங்க, செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி ரெண்டுமே ஐ-70 ரோட்டுல சுமார் 2 மணி நேரம்தான், அங்க இருந்து பாதி ஊரு வந்து இறங்கும், உங்க ஹால்ல பாயை விரிச்சுப் போட்டுடுங்க.

ஸ்டெப் 2: முன்னாடி வாரத்துல பாம்ப்பிங்

இதைப் பத்தி யாரும் புதுசா வந்தவங்களுக்குச் சொல்றதில்ல. கேம்பஸ் பக்கம் கிரீக்டவுன்ங்கற ஏரியாவுல இருக்கற ஃப்ரெட்டர்னிட்டி, சோராரிட்டி (பசங்க, பொண்ணுங்க சேந்து தங்கற மாணவர் சங்கங்க) வீடுகளுக்கு முன்னாடி ஆள் உயரத்துக்கு மேல பெரிய பெரிய படங்கள் வைப்பாங்க, அது பெயிண்ட்னு நினைச்சேன், கிட்டப் போனா எல்லாம் டிஷ்யூ பேப்பர்! மரச் சட்டத்துல கோழிக்கூட்டுக்கு அடிக்கற கம்பி வலை இருக்கும், சதுரமா வெட்டின கலர் பேப்பரை நடு விரல் நுனியில வச்சு ஒரு முறுக்கு முறுக்கி, மொட்டு மாதிரி வந்ததும் அந்த ஓட்டைக்குள்ள சொருகணும், ஒரு ஓட்டைக்கு ஒரு மொட்டு, அப்படி ஆயிரக்கணக்குல, இதுக்குப் பேருதான் பாம்ப்பிங். எங்க லேப்ல வேலை பாத்த ஒரு அண்டர்கிராட் பொண்ணு என்னையும் கூட்டிட்டுப் போனா. புலிதான் நம்ம டீமோட சின்னம், அந்தப் புலியோட காது மட்டும், அதுவும் ஒரு காது, நாங்க 4 பேர் உக்காந்து ஒரு சாயங்காலம் பூரா சொருகினோம். சின்ன வயசுல கொடைக்கு முந்தின நாள் பெரியம்மா, சித்தி எல்லாம் திண்ணையில உக்காந்து பூ கட்டுவாங்களே, அதே பேச்சு, அதே சிரிப்பு, கை பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். தெரிஞ்ச அண்டர்கிராட் யாராவது இருந்தா கூச்சப்படாம கேளுங்க, கூடுதலா 2 கை கிடைச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

ஸ்டெப் 3: ரத்த தானம், இல்லன்னா ஜூஸ் டேபிள்

மிஸூ ஹோம்கமிங்கோட சேந்து மாணவர்களே நடத்தற பெரிய ரத்த தான முகாம் ஒண்ணு உண்டு. நம்மாளுங்க ஆசையா போய் லைன்ல நின்னுட்டு ஏமாந்து வர்றாங்க, காரணம் மலேரியா விதி. மலேரியா இருக்கற நாட்டுல 5 வருஷத்துக்கு மேல வாழ்ந்தவங்க, அங்க இருந்து வந்து 3 வருஷம் கழிச்சுதான் இங்க ரத்தம் குடுக்க முடியும்னு வச்சிருக்காங்க, இந்தியாவும் அந்த லிஸ்ட்ல வரும். உங்க உடம்புல குறைன்னு யாரும் சொல்லல, அதனால மனசு விட்டுடாதீங்க, போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க. குடுக்க முடியலைன்னா வாலண்டியரா பேர் குடுங்க. ரத்தம் குடுத்துட்டு வர்றவங்களை உக்கார வச்சு ஜூஸும் குக்கீஸும் குடுக்கற டேபிள்ல நான் 2 வருஷம் நின்னிருக்கேன், இந்த ஊர்ல எனக்கு முதல்ல கிடைச்ச ஃப்ரெண்ட்ஸ் அந்த டேபிள்ல கிடைச்சவங்கதான்.

ஸ்டெப் 4: வெள்ளி ராத்திரி கிரீக்டவுன்

நல்ல ஷூ போட்டுக்கிட்டு கிளம்புங்க, அவ்வளவுதான். ரோட்டை அடைச்சிருப்பாங்க, குழந்தைங்களைத் தோள்ல வச்சுக்கிட்டு குடும்பம் குடும்பமா வருவாங்க, ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் சின்ன நாடகம், டான்ஸ் எல்லாம் நடக்கும். நீங்க சொருகின அந்தக் காதை லைட் வெளிச்சத்துல தேடிப் பாருங்க.

ஸ்டெப் 5: சனிக்கிழமை என்ன போடறது, எதை எடுத்துட்டுப் போறது

கலர் கருப்பும் தங்கமும், வேற பேச்சே கிடையாது. அக்டோபர் காலையில நல்லா குளிரும், மத்தியானம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், அதனால டீ-ஷர்ட் மேல ஹூடி, கழட்டி இடுப்புல கட்டிக்கற மாதிரி. பேக் விஷயத்துல ஜாக்கிரதை, உள்ள இருக்கறது வெளியில தெரியற பிளாஸ்டிக் பைதான் ஸ்டேடியத்துல விடுவாங்க, அதுக்கும் அளவு இருக்கு, 12 இன்ச்சுக்கு 6 இன்ச்சுக்கு 12 இன்ச். காலேஜ் பேக்பேக்கைத் தோள்ல மாட்டிட்டுப் போனீங்கன்னா கேட்ல இருந்து திரும்பி நடக்கணும், ஸ்டேடியத்துல இருந்து நம்ம அபார்ட்மெண்ட் எல்லாம் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 6: ஊர்வலம்

காலையிலேயே ஆரம்பிச்சுடும், மேட்ச் எத்தனை மணிக்குங்கறதைப் பொறுத்து நேரம் மாறும், முதல் நாளே பாத்து வச்சுக்கோங்க. கேம்பஸ் வழியா டவுன்டவுன் போகும். மார்ச்சிங் மிஸூ பேண்ட் தெரு முனையில திரும்பறப்போ அந்த டிரம் சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு வந்துடும், நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். புலி வேஷம் போட்ட ட்ரூமன் வருவாரு, இந்த ஸ்டேட்ல பொறந்த ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் பேரைத்தான் அந்தப் புலிக்கு வச்சிருக்காங்க.

முடிஞ்சதும் அப்படியே பிரான்சிஸ் குவாட்ரங்கிள் பக்கம் வாங்க, புல்வெளி நடுவுல 6 தூண் தனியா நிக்குமே அங்க. 1892 ஜனவரில தீப்பிடிச்சு அகாடமிக் ஹால் மொத்தமா எரிஞ்சு போச்சு, மிஞ்சினது அந்தத் தூணுங்கதான், இடிக்காம அப்படியே விட்டுட்டாங்க. ஹோம்கமிங் அன்னைக்கு அங்க ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. போன தடவை ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், பேரனோட கையைப் பிடிச்சு அந்தத் தூண்ல வச்சு அழுத்திக்கிட்டே நின்னாரு, ஒண்ணும் சொல்லல, ரொம்ப நேரம் அப்படியே நின்னுட்டு அப்புறம் போனாரு.

ஸ்டெப் 7: டெய்ல்கேட்

ஸ்டேடியத்தைச் சுத்தி பார்க்கிங்ல வண்டியோட பின்கதவைத் திறந்து வச்சு, கிரில் போட்டு, டென்ட் அடிச்சு சமைச்சு சாப்பிடுவாங்க, அதுக்குப் பேருதான் டெய்ல்கேட். தெரியாதவங்க டென்ட் முன்னாடி நடந்து போனாலே "எம்-ஐ-ஸீ!"ன்னு கத்துவாங்க, நீங்க உடனே "ஸீ-ஓ-யூ!"ன்னு திருப்பிக் கத்தணும், ரெண்டையும் சேத்தா மிஸூவோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங், அதான் இங்க வணக்கம். அப்படிக் கத்திட்டீங்கன்னா கையில ஒரு பிளேட் வந்துடும். பர்கர், சாசேஜ்தான் அதிகம், பீஃபும் போர்க்கும் இருக்கும், சாப்பிடாதவங்க கேட்டு வாங்குங்க, கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நாங்க ஒரு பெரிய டிரே நிறைய எலுமிச்சம்பழச் சாதமும் சுண்டலும் கொண்டு போனோம், பக்கத்து டென்ட்ல இருந்து சுண்டலுக்கு 3 தடவை வந்தாங்க, தேங்காயைப் பாத்துட்டு இது என்ன சீஸான்னு ஒரு அம்மா கேட்டாங்க, போறப்போ ரெசிப்பியும் வாங்கிட்டுத்தான் போனாங்க. 21 வயசு ஆகாதவங்க பீர் பக்கம் போகாதீங்க, விசாவுல இருக்கோம்ங்கறதை மறக்கக்கூடாது.

ஸ்டெப் 8: ஆட்டம் புரியறதுக்கு இது போதும்

மைதானம் 100 கெஜம், ரெண்டு முனையிலயும் 10 கெஜத்துக்கு எண்ட் ஸோன், ஒரு பக்கம் 11 பேர். கிரிக்கெட்ல ஒரு பால் போட்டு முடிஞ்சதும் நின்னு அடுத்த பால் போடறாங்கல்ல, இங்கயும் அப்படித்தான், ஒவ்வொரு பாலுக்கும் டவுன்னு பேரு. 4 டவுனுக்குள்ள 10 கெஜம் முன்னேறணும். முன்னேறிட்டா புதுசா 4 டவுன் கிடைக்கும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. ஸ்கோர்போர்டுல 3, அதுக்குப் பக்கத்துல 7னு இருந்தா மூணாவது டவுன், இன்னும் 7 கெஜம் பாக்கின்னு அர்த்தம். நாலாவது டவுன்ல ரிஸ்க் எடுக்க வேணாம்னா பந்தை தூரமா உதைச்சு விட்டுடுவாங்க, கோல் கிட்ட இருந்தா கம்பத்துக்கு நடுவுல உதைப்பாங்க, போச்சுன்னா 3 பாயிண்ட். எண்ட் ஸோனுக்குள்ள பந்தோட போயிட்டா டச்டவுன், 6 பாயிண்ட், கூட ஒரு உதை உதைச்சு இன்னும் 1. மஞ்சத் துணி பறந்து விழுந்தா யாரோ தப்பு பண்ணிட்டாங்க. 15 நிமிஷம் வீதம் 4 குவார்ட்டர்தான் கணக்கு, ஆனா நின்னு நின்னு ஆடறதால 3 மணி நேரத்துக்கு மேல ஓடும், ஸ்டூடண்ட் பக்கத்துல எல்லாரும் நின்னுட்டேதான் பாப்பாங்க, அதுக்குத் தயாரா போங்க.

எப்போ கத்தணும்ங்கறதுதான் ரொம்ப முக்கியம். நம்ம டீம் கையில பந்து இருக்கறப்போ அமைதியா இருக்கணும், ஏன்னா ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் சொல்ற கோட் மத்தவங்களுக்குக் கேக்கணும். எதிராளி கையில பந்து, மூணாவது டவுன், இப்போ தொண்டை கிழியக் கத்துங்க, அவங்க பேசிக்கறது அவங்களுக்கே கேக்கக்கூடாது. கபடில பாடி வர்றவனை மறிக்கறப்போ ஊரே சுத்தி நின்னு சத்தம் போடுமே, அந்தச் சத்தம் வேணும்.

2024ல, அக்டோபர் 19, ஆபர்ன் யூனிவர்சிட்டியோட மேட்ச், நான் மாணவியா பாத்த கடைசி ஹோம்கமிங். நம்ம குவார்ட்டர்பேக் பிரேடி குக்குக்கு ஆரம்பத்துலயே கணுக்கால்ல அடி, ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க, நாங்க 3-17னு பின்னாடி கிடந்தோம், ஸ்டேடியமே செத்த மாதிரி இருந்துச்சு. திடீர்னு ஒரு பக்கம் சத்தம் கிளம்புது, என்னன்னு பாத்தா அந்தப் பையன் ஸ்கேன் எடுத்துட்டு திரும்பி வந்து மைதானத்துல இறங்கறான்! அப்புறம் நடந்ததை எழுதறப்போ இப்பவும் கை நடுங்குது, ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்லாதப்போ டச்டவுன் போட்டு 21-17னு ஜெயிச்சோம். முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டி என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க, நானும் அழுதேன்.

ஸ்டெப் 9: ஹாஃப்டைம்ல எந்திரிச்சுப் போயிடாதீங்க

எல்லாரும் நாச்சோஸ் வாங்க ஓடுவாங்க, நீங்க இருங்க. ஹோம்கமிங் ராஜா, ராணி கிரீடம் அப்போதான். பழைய பேண்ட் ஆளுங்களும் வருவாங்க, நரைச்ச தலையோட டிரம்பெட் தூக்கிட்டு இப்போ படிக்கற பசங்களோட சேந்து வாசிப்பாங்க, அதுக்காகவாவது இருங்க. அப்படியே மைதானத்தையும் ஒரு தடவை நல்லா பாத்துக்கோங்க, ஃபாரோ ஃபீல்டுன்னு பேர் வச்சிருக்கற அந்த டான் ஃபாரோ 1926ல ஸ்டேடியம் கட்டறப்போ புல்லு பதிக்க உதவின ஆளு, அப்புறம் இங்கயே கோச்சா இருந்தாரு, 1995ல மறுபடி இயற்கைப் புல்லு போட்டப்போ கடைசித் துண்டைப் பதிச்சதும் அவருதான், அப்போ அவருக்கு 90 வயசு தாண்டியாச்சு.

ஸ்டெப் 10: வடக்குப் பக்க வெள்ளைக் கல்லு

எண்ட் ஸோனுக்குப் பின்னாடி மேட்டுல வெள்ளைக் கல்லால எம்னு பெரிய எழுத்து இருக்கும், 1927ல முதல் வருஷப் பசங்க அடுக்கினது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி புதுசா சேர்ற பசங்க அதுக்கு வெள்ளை அடிப்பாங்க, கடைசி வருஷம் படிக்கறவங்க சீசனோட கடைசி ஹோம் மேட்ச் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துட்டுப் போகலாம். ஹோம்கமிங் அன்னைக்கு எடுக்கக்கூடாது, நவம்பர் வரைக்கும் பொறுங்க, கடைசி ஹோம் மேட்ச் தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க. லக்கேஜ்ல வைக்கறப்போ ரெண்டு துணியில சுத்துங்க, வெள்ளை உதிரும். என்னோட கல்லு ஊர்ல எங்க வீட்டு அலமாரில, அம்மன் படத்துக்குப் பக்கத்துல இருக்கு, அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கறப்போ அதையும் எடுத்துத் துடைச்சு வைக்கறாங்களாம்.