புது சூப்பர்வைசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உற்பத்தி லைனில் நின்றவரைத் திடீரென்று சூப்பர்வைசர் ஆக்கிவிடுவார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே இன்றைய பிள்ளைகளும் அடிக்கிறார்கள். கத்தாதே, நேரத்துக்கு வா என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வரும் ஓர் அக்கா, டெஸ்டிங்கில் கைதேர்ந்தவர். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு 7 மணிக்குப் பதில் 8 மணிக்கு வரலாமா என்று கேட்டார். புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி, "கவலைய விடுங்கக்கா, நான் பேசி முடிச்சிடுறேன்" என்றார். நல்ல மனசுதான். ஷிப்ட் நேரத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. மேனேஜரிடம் கேட்கவோ தயக்கம். அக்கா அதை நம்பிப் பள்ளி வேனை நிறுத்திவிட்டார். கேன்டீனில் கேட்கும்போதெல்லாம் "பேசிக்கிட்டிருக்கேன்கா". கடைசியில் அக்கா வந்தால் தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போக ஆரம்பித்தார்.

அக்கா ராஜினாமா கொடுத்தார். "முடியாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பேன்" என்றார். அவர் இடத்துக்கு வந்தவர் அந்த மெஷினின் குணத்தைப் பழகவே மாதக்கணக்கானது.

இத்தனைக்கும் மலேசியச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கோரி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். தம்பி அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்: "முடிவு என் கையில இல்லக்கா. எழுதிக் கொடுங்க, இன்னைக்கே எச்.ஆர்.ல சேர்த்துடுறேன். பதில் வர்ற வரைக்கும் வேனை நிறுத்தாதீங்க." இரண்டு நிமிடப் பேச்சு, அவ்வளவுதான்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்"

ஆள் பற்றாத நாளில் மட்டும் நினைவுக்கு வரும் சொந்தம் இது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது சட்டம், முன்பு 48. அதைத் தாண்டி நிற்கச் சொன்னால் ஓ.டி. (ஓவர்டைம்) காசு உண்டா, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாசத்தைப் பிறகு காட்டலாம்.

இரவு 11 மணி வாட்ஸ்அப்

அனுப்பாதீர்கள்.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தவரைக் குடைவது

"இப்ப எப்படி இருக்கு?" போதும். மிச்சத்தை கிளினிக் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

தீபாவளி லீவைக் கடைசி வாரத்தில் பேசுவது

இரண்டு மாதம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். யாருக்குக் கிடைக்காது என்பதையும் அப்போதே, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.