பியூஃபர்ட்டின் பழைய வீடுகளை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், கடலோரத்தில் பியூஃபர்ட் என்றொரு சின்ன ஊர். 1711இல் உருவானது. வடக்கு கரோலினாவிலும் இதே எழுத்துகளில் ஓர் ஊர் உண்டு, அதைப் போஃபர்ட் என்பார்கள். வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம். நான் பக்கத்து ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் வேலை பார்ப்பதால், வீட்டுக்கு வரும் உறவினர்களையெல்லாம் அங்கே அழைத்துப் போவேன். எல்லோருமே பே தெருவில் இறங்கி, பெரிய வெள்ளை மாளிகைகளைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பத்தான் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. முதலில் ஊரைத் தாண்டிப் போகச் சொல்வேன்.

பாலம் கடந்து செயின்ட் ஹெலினா தீவுக்குப் போங்கள். லேண்ட்ஸ் எண்ட் சாலையில், ஓக் மரங்களுக்கு நடுவே கூரையில்லாத சிறு தேவாலயம் ஒன்று நிற்கும். 1740 வாக்கில் கட்டியது, 1886இல் காட்டுத்தீயில் எரிந்தது. அதன் பூச்சு உதிர்ந்து சுவரின் உள்சதை வெளியே தெரிவதால்தான் இங்கே முதலில் வரச் சொல்கிறேன்.

கிட்டே போய்ப் பாருங்கள், சுவர் முழுக்கச் சிப்பி. இதற்கு டேபி என்று பெயர். சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல், சுடாத ஓடு மூன்றும் ஏறக்குறைய சம அளவு. தண்ணீர் விட்டுக் குழைத்து, பலகை அடைத்து, அதற்குள் கொட்டி இடித்து இறுக்குவார்கள். நம் ஊர் சென்ட்ரிங் மாதிரிதான். இறுகியதும் பலகையைக் கழற்றி மேலே ஏற்றி அடுத்த அடுக்கு. இவை கல் கிடைக்காத மணல் தீவுகள். பூர்வகுடிகள் காலங்காலமாகத் தின்று போட்ட ஓடுகள்தான் குவியல் குவியலாகக் கிடந்தன, அவற்றையே அள்ளினார்கள்.

காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் அடுக்குகளுக்கு இடையே படுக்கைவாட்டில் கோடுகள் தெரியும், எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓடு சுமந்ததும் சுட்டதும் இடித்ததும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் கொத்தனார். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீறும் வாசனையோடு வளர்ந்தவன் நான். இந்தச் சுவரை முதன்முதலில் பார்த்த அன்று வெகுநேரம் நகர மனம் வரவில்லை. எங்கள் தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஒருவர் சிமென்ட் பூசிவிட்டுப் போனார். உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல், மூன்றே மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. டேபிக்கும் அதே கதிதான். பழைய டேபியில் எங்காவது சிமென்ட் ஒட்டுப் போட்டிருந்தால் அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு பொடிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சுவரிலிருந்து சிப்பியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அதே தீவில் பென் சென்டர் இருக்கிறது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1862இல் பள்ளியாகத் தொடங்கியது. எதிரே செங்கல் தேவாலயம், 1855இல் அடிமைகளே கட்டியது. காஃபின் பாயின்ட் சாலையில் ‘பிரெய்ஸ் ஹவுஸ்’ என்ற மரத்தாலான தொழுகைக் குடில் ஒன்றும் உண்டு. ஒரு வகுப்பறை அளவுகூட இருக்காது, வேகமாகப் போனால் தவறவிடுவீர்கள்.

சரி, இப்போது ஊருக்குத் திரும்புங்கள். எந்த வீட்டையும் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடித்தளம் டேபியா, செங்கலா? வீடு ஏன் தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் நிற்கிறது? ஓதத்துக்காக, காற்றுக்காக, வெள்ளத்துக்காக. 1893 ஆகஸ்ட் புயலில் இந்தத் தீவுகளிலும் சுற்றுவட்டாரத்திலும் 1000 முதல் 2000 பேர் வரை, அதற்கு மேலும்கூட இறந்திருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் போர்ச், அதாவது வீட்டையொட்டிக் கூரை போட்ட திண்ணை. பெரும்பாலும் தெற்கே பார்த்து, இரண்டு மாடிக்கும் இருக்கும். வீட்டின் உடல் ‘டி’ எழுத்து வடிவில் பின்னால் நீள்வதால் அறைகளுக்குப் பல பக்கமும் காற்று. போர்ச்சில் அண்ணாந்து பார்த்தால் சில வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் வெளிர் நீலம். நீலம் தண்ணீர்போலத் தெரியும், கெட்ட ஆவி தண்ணீரைக் கடக்காது என்பது இங்குள்ள குல்லா மக்களின், அதாவது அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களின், நம்பிக்கை.

பே தெருவில் ‘டேபி மேன்ஸ்’ என்ற வீட்டின் முன் நின்றால் வழவழப்பான பூச்சு மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது நீங்கள் காலையில் பார்த்த அதே சிப்பிச் சுவர். தேவாலயத்துக்கு முதலில் போகாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 நவம்பரில் வடக்குப் படை நெருங்கியதும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள் ஓடிவிட்டார்கள், ஊர் அந்தப் படையின் கைக்குப் போனது. வீடுகள் எரிக்கப்படாமல் மருத்துவமனைகளும் அலுவலகங்களுமாக மாறித் தப்பின. பிரின்ஸ் தெருவில் 511ஆம் எண் வீட்டைப் பாருங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் 1839இல் அதன் பின்புறக் குடிலில்தான் அடிமையாகப் பிறந்தார். 1862இல் தென்படையின் ‘பிளான்டர்’ கப்பலையே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு தப்பினார். பிறகு அந்த வீடு வரிபாக்கிக்கு ஏலம் வந்தபோது அவரே வாங்கினார். தெருவிலிருந்தே பாருங்கள்.

கடைசியாக ஊரின் வடமேற்குப் பகுதிக்கு நடங்கள். விடுதலைக்குப் பிறகு கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சிறிய மர வீடுகள் அங்கே இருக்கின்றன. பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. யாராவது போர்ச்சில் உட்கார்ந்திருந்தால் கேமராவை இறக்கிவிட்டு, கையசைத்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.