நியூ போட்டு உருவாக்கிய ஆப்ஜெக்டுக்குள் சர்வீஸ் பீனைக் கொண்டுவருவது

ஸ்பிரிங் (ஜாவா ஃபிரேம்வொர்க்) திட்டத்தில் 'பில்கணக்கு' என்று ஒரு சாதாரண கிளாஸ்; அதாவது பீன் அல்ல. ஸ்பிரிங்கே உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்தான் பீன். அதில் 'வரிசர்வீஸ்' ஃபீல்டுக்கு மேல், அதை ஸ்பிரிங்கே நிரப்பட்டும் என்று சொல்லும் ஆட்டோவயர்ட் குறியைப் போட்டிருக்கிறீர்கள். டெஸ்டில் நியூ போட்டு ஆப்ஜெக்டை உருவாக்கி, மெத்தடைக் கூப்பிட்டதும் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் வருகிறது. அந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது நீங்கள். அது பிறந்ததே ஸ்பிரிங்குக்குத் தெரியாது. பிறகு ஃபீல்டை யார் நிரப்புவது?

முதலில் ஒன்று பாருங்கள். கிளாஸை மாற்ற முடிந்தால் சர்வீஸைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்குங்கள். டெஸ்டில் நேராகக் கொடுத்துவிடலாம், ஸ்பிரிங்கே வேண்டாம். என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். ஆனால் குவார்ட்ஸ் (வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் லைப்ரரி) ஜாப் போல வேறொரு லைப்ரரி உருவாக்கும் கிளாஸ் என்றால் அது எளிதல்ல. அப்போது கீழே உள்ள வழி கைகொடுக்கும். முழு அப்ளிகேஷனையும் கிளப்பும் ஸ்பிரிங்பூட்டெஸ்ட் இதற்குத் தேவையில்லை.

படி 1: ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் பிஃபோர்ஈச் மெத்தடில் காலியான அனொடேஷன்கான்ஃபிக்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்குங்கள். கான்டெக்ஸ்ட் என்பது பீன்களை வைத்திருக்கும் ஸ்பிரிங் பெட்டி. பெயர் நீளம் என்று ஜெனரிக்அப்ளிகேஷன்கான்டெக்ஸ்டுக்குத் தாவாதீர்கள். ஆட்டோவயர்டைப் படித்து ஃபீல்டை நிரப்பும் பகுதியான போஸ்ட் பிராசஸர் அதில் தானாக வராது. எந்தப் பிழையும் காட்டாமல் ஃபீல்டு காலியாகவே நிற்கும். காரணம் தேடியே ஒரு பொழுது போய்விடும்.

படி 2: கான்டெக்ஸ்டின் ரெஜிஸ்டர்பீன் மெத்தடில் வரிசர்வீஸ் கிளாஸைக் கொடுங்கள். அசல் வேண்டாம், மாக் (டெஸ்டுக்கான போலி ஆப்ஜெக்ட்) போதும் என்றால், இரண்டாவது ஆர்குமென்டாக, மொக்கிட்டோ லைப்ரரியில் உருவாக்கிய மாக்கைத் திருப்பித் தரும் லாம்டாவைக் கொடுங்கள். ஸ்பிரிங் 5 முதல் இந்த வசதி இருக்கிறது.

படி 3: பதிவு செய்த பீன்களோடு கான்டெக்ஸ்டைத் தயாராக்கும் ரெஃப்ரெஷ் மெத்தடைக் கூப்பிடுங்கள். இதை மறந்துவிட்டு பீனைக் கேட்டால், கான்டெக்ஸ்ட் இன்னும் ரெஃப்ரெஷ் ஆகவில்லை என்று இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வரும்.

படி 4: சர்வீஸ் மட்டும் வேண்டுமென்றால் கெட்பீன் மெத்தடில் டைப்பைக் கொடுத்தால் போதும். நம் ஆப்ஜெக்டை நிரப்ப, கான்டெக்ஸ்டிடம் ஆட்டோவயர்கேபபிள்பீன்ஃபேக்டரியை வாங்கி, அதன் ஆட்டோவயர்பீன் மெத்தடில் பில்கணக்கு ஆப்ஜெக்டைக் கொடுங்கள். சரி, ஃபீல்டு நிரம்பிவிட்டது. ஆனால் இதனால் அந்த ஆப்ஜெக்ட் பீனாகப் பதிவாகிவிடாது. அதிலுள்ள போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடும் (ஃபீல்டுகள் நிரம்பியபின் ஸ்பிரிங் ஓட்டும் தொடக்க மெத்தட்) ஓடாது. அது தேவையென்றால் இனிஷியலைஸ்பீன் மெத்தடையும் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின் ஓடும் ஆஃப்டர்ஈச் மெத்தடில் கான்டெக்ஸ்டை குளோஸ் செய்துவிடுங்கள்.

இன்னும் சிக்கல் வந்தால் பிழையின் பெயரைப் பாருங்கள். நோசச்பீன்டெஃபினிஷன் என்றால் படி 2-இல் எதையோ விட்டிருக்கிறீர்கள். வரிசர்வீஸுக்கே தேவைப்படும் இன்னொரு பீனாகவும் இருக்கலாம். நோயூனிக்பீன்டெஃபினிஷன் என்றால் ஒரே டைப்பில் இரண்டு பதிவாகியிருக்கின்றன.