'கிட் புஷ்' என்று ஒற்றை வரியில் எழுதி வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊர்களில் மென்பொருள் வேலை என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான். செம்பனைக் குலை எடைக் கணக்கு, சம்பளச் சீட்டு, அவ்வளவே. புதிதாகச் சேரும் தம்பிக்குக் கொடுக்கும் குறிப்பில் "முடித்ததும் கிட் புஷ் அடி" என்று மட்டும் இருக்கும். கிட் என்பது நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; புஷ் என்றால் அந்தப் பதிவுகளைப் பொதுச் சர்வருக்கு அனுப்புவது. ஆனால் எந்தக் கிளை (தனியாக நடக்கும் வேலைத் தொடர்), எங்கே போகும் என்பது குறிப்பில் இருக்காது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

2014இல் வந்த கிட் 2.0க்கு முன்பு, வெறும் 'கிட் புஷ்' அடித்தால் 'மேட்சிங்' முறை: உங்கள் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் இருக்கும் கிளைகள் அத்தனையும் போகும். அதற்குப் பிறகு 'சிம்பிள்': நீங்கள் நிற்கும் கிளை மட்டும்தான். அதுவும் அதன் அப்ஸ்ட்ரீம் (சர்வரில் அதற்கு இணையாகக் குறித்த கிளை) அதே பெயரில் இருந்தால்தான்.

மாறித்தான் விட்டதே, இனி என்ன கவலை என்பீர்கள். மாற்றத்தை ஒட்டி வந்த கிட் பதிப்புகள் ஓர் எச்சரிக்கை காட்டின. அதை நிறுத்த இரண்டு கட்டளைகள் சொல்லின. முதலாவது, பழைய மேட்சிங்கையே நிலையாக்குவது! முதலில் கண்ணில் பட்டதை ஒட்டியவர்களின் கான்ஃபிக் கோப்பு (கிட்டின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) மடிக்கணினி மாறும்போதெல்லாம் கூடவே வரும். பழைய குறிப்பைப் பார்த்து இன்றும் அந்த வரியைப் போடுகிறவர்கள் உண்டு.

இதோடு ஃபோர்ஸ், அதாவது சர்வரில் இருப்பதன் மேலேயே வலுக்கட்டாயமாக எழுதுவது, சேர்ந்தால் வினைதான். 'சம்பளம்' கிளையை ரீபேஸ் செய்துவிட்டு (அதன் பதிவுகளை மாற்றி அடுக்கிவிட்டு) ஒருவர் ஃபோர்ஸ் புஷ் அடிக்கிறார். அவர் கணினியில் பழையதாகக் கிடக்கும் 'எடை' கிளையும் கூடவே போய், சர்வரில் இன்னொருவர் சேர்த்த கமிட்களை (பதிவுகளை) தூக்கிவிடும். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டிய கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) இதை யார் போய் விளக்குவது? 'கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் புஷ்.டிஃபால்ட்' அடித்துப் பாருங்கள். மேட்சிங் என்று வந்தால், எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஃபோர்ஸ் அடித்தே ஆக வேண்டுமென்றால் கிளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

சிம்பிளிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'ஆரிஜின்/மெயின்' (ஆரிஜின் என்பது சர்வரின் பெயர், மெயின் அதிலுள்ள முதன்மைக் கிளை) மேலிருந்து நேரடியாகப் புதிய கிளை திறந்தால், அப்ஸ்ட்ரீமாக மெயினே அமைந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்று கிட் புஷ்ஷை மறுத்து, இரண்டு வழி காட்டும். அவசரத்தில் முதல் வழியை ஒட்டினால் அரைகுறை வேலை நேராக மெயினுக்கே போய்ச் சேரும். உங்களுக்குத் தேவை இரண்டாவது, 'கிட் புஷ் ஆரிஜின் ஹெட்'. குறிப்பில் இதையே எழுதிவிடலாம். கான்ஃபிக் எப்படி இருந்தாலும் நிற்கிற கிளை தன் பெயரிலேயே போகும். சந்தேகமா? '--ட்ரை-ரன்' சேர்த்தால், அனுப்பாமலே எது எங்கே போகும் என்று காட்டும்.

அப்புறம் டேக். வெறும் புஷ்ஷில் அது போகாது. தோட்ட ஆபீஸுக்குக் கொடுக்கும் பதிப்பை டேக் போட்டு அடையாளம் வைப்பவர்கள் 'கிட் புஷ் ஆரிஜின் வி1.2' என்பதையும் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.